கெர்னலை முதலில் படிப்பது யார்? ஃபர்ம்வேருக்கு ஒரு கோப்பு முறைமை டிரைவர் எதற்கு

லினக்ஸ் நிறுவுவதைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு வாக்கியங்கள் காதில் விழும். "யூஇஎஃப்ஐ கணினி ஃபேட்32 பார்ட்டிஷனில் இருந்துதான் பூட் ஆகும்" என்பது ஒன்று. "என் லினக்ஸ் முழுக்க எக்ஸ்ட்4-இல்தான் இருக்கிறது, நன்றாகவே பூட் ஆகிறது" என்பது மற்றொன்று. யூஇஎஃப்ஐ என்பது கணினியை எழுப்பும் ஃபர்ம்வேர்; பார்ட்டிஷன் என்பது டிஸ்க்கைப் பிரித்த ஒரு பகுதி; ஃபேட்32, எக்ஸ்ட்4 இரண்டும் அதில் கோப்புகளை ஒழுங்காக வைக்கும் முறைகள். இருவருமே பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் ஒருசேரக் கேட்கும் புதியவருக்குத் தலை சுற்றும். நடுவில் ஒருவர் வந்து "ஈஎஸ்பி-யில் ஒரு எக்ஸ்ட்4 டிரைவரைப் போட்டால் சரியாகிவிடும்" என்பார். (ஈஎஸ்பி என்பது பூட் ஆவதற்கென்று ஒதுக்கிய சிறிய பார்ட்டிஷன்.) லினக்ஸுக்குள்தான் ஏற்கெனவே எக்ஸ்ட்4 டிரைவர் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

"கணினி டிஸ்க்கைப் படிக்கிறது" என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பவர் பட்டனை அழுத்தியதில் இருந்து லாகின் திரை வரும்வரை ஒரே டிஸ்க்கை இரண்டு மூன்று பேர் மாறிமாறிப் படிக்கிறார்கள். ஒருவருக்குத் தெரிந்த எழுத்து அடுத்தவருக்குத் தெரியாது. "இந்த நொடியில் படிப்பது யார்?" என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொண்டே போனால் முடிச்சு தானாக அவிழும்.

எண் போட்ட இழுப்பறைகள்

ஓர் அறை நிறைய இழுப்பறைகள். எல்லாம் ஒரே அளவு. மேலே எண் மட்டும் ஒட்டியிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்ற குறிப்பு கிடையாது. நீங்கள் எழுதிய நீண்ட கடிதத்தின் முதல் பக்கம் 92-ஆம் இழுப்பறையில், இரண்டாம் பக்கம் 7-இல், மூன்றாம் பக்கம் 315-இல் என்று சிதறிக் கிடக்கும். எது எங்கே என்று சொல்லும் பதிவேடு ஒன்று உண்டு. அந்தப் பதிவேடும் இதே இழுப்பறைகளில் ஏதோ ஒன்றில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, அதை எழுதியவர் தனக்கே உரிய சுருக்கெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

டிஸ்க் என்பது இந்த அறை. இழுப்பறைக்கு செக்டர் என்று பெயர். ஒரு செக்டரில் 512 அல்லது 4096 பைட் அடங்கும். டிஸ்க்குக்குத் தெரிந்ததெல்லாம் "இந்த எண் செக்டரைக் கொடு" என்றால் கொடுப்பது. கோப்பு, கோப்புறை, பெயர் எதுவும் அதற்குத் தெரியாது. பதிவேட்டை எழுதும் முறைக்குத்தான் கோப்பு முறைமை என்று பெயர். ஃபேட், எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் எல்லாம் வெவ்வேறு சுருக்கெழுத்துகள். அந்தச் சுருக்கெழுத்தைப் படிக்கத் தெரிந்த நிரல்தான் கோப்பு முறைமை டிரைவர்.

எக்ஸ்ட்4-ஐயே எடுத்துக்கொள்வோம். பார்ட்டிஷனின் தொடக்கத்தில் இருந்து 1024 பைட் தள்ளி, சூப்பர்பிளாக் என்ற தலைப்புப் பக்கம் இருக்கும். அதற்குள் குறிப்பிட்ட ஓரிடத்தில் 61267 என்ற எண் எழுதப்பட்டிருக்கும். "இது எக்ஸ்ட் குடும்பம்" என்பதற்கான முத்திரை அது. அங்கிருந்து மற்ற அட்டவணைகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொண்டு, 2-ஆம் எண் ஐநோடைத் தேட வேண்டும். ஒரு கோப்பின் பக்கங்கள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்ற விவரச் சீட்டுக்கு ஐநோடு என்று பெயர்; 2-ஆம் எண் சீட்டு எப்போதும் தலைமைக் கோப்புறைக்கு உரியது. அதில் 'பூட்' என்ற பெயரைத் தேடி, அதன் ஐநோடைப் பிடித்து, அதற்குள் லினக்ஸின் மைய நிரலான கெர்னலின் பெயரைத் தேடி, அதன் ஐநோடைப் பிடித்து, கடைசியில் கெர்னலின் செக்டர்களைச் சேர வேண்டும். ஒரு கோப்பைத் திறக்க இத்தனை நடை.

ஃபேட் இதைவிட எவ்வளவோ எளிது. ஒரு கோப்பின் முதல் துண்டு எங்கே என்று கோப்புறை சொல்லும். அடுத்த துண்டு எங்கே, அதற்கடுத்தது எங்கே என்று ஒரே ஓர் அட்டவணை சங்கிலியாகச் சொல்லிக்கொண்டே போகும். 1970-களில் பிறந்த முறை. உரிமை இல்லை, அனுமதி இல்லை, சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) இல்லை. அந்த எளிமைதான் அதன் ஆயுளை நீட்டிக்கிறது.

இதுவரை பார்த்தது: டிஸ்க்குக்கு எண்கள் மட்டுமே தெரியும். பெயரை எண்ணாக மாற்றித் தருவது டிரைவரின் வேலை. ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும் தனி டிரைவர் வேண்டும்.

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம்

சரி, லினக்ஸ் கெர்னலுக்குள் எக்ஸ்ட்4 டிரைவர் இருக்கிறது. ஆனால் கெர்னலே ஒரு கோப்பு. அது எக்ஸ்ட்4 பார்ட்டிஷனுக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுக்க எக்ஸ்ட்4 படிக்கத் தெரிய வேண்டும். படிக்கத் தெரிந்தவரோ உள்ளே இருக்கிறார். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. கெர்னலை எடுத்து ஓட்டிவிடும் நிரல்களான பூட் லோடர்களின் வரலாறு முழுவதும் இந்த ஒரு சிக்கலுக்குக் கண்டுபிடித்த விதவிதமான வழிகள்தான்.

கணினியில் முதலில் விழிப்பது ஃபர்ம்வேர்: மதர்போர்டில் ஒரு சிப்பில் பதிந்திருக்கும் நிரல். பழைய பயாஸ் ஃபர்ம்வேருக்கு எந்தக் கோப்பு முறைமையும் தெரியாது. டிஸ்க்கின் முதல் செக்டரை, அதாவது 512 பைட்டை, நினைவகத்தில் ஏற்றி அதற்குள் குதிக்கும். அதோடு அதன் பொறுப்பு முடிந்தது. அந்த 512-இலும் பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64, முடிவு முத்திரைக்கு 2 போக, நிரலுக்கு மிஞ்சுவது 446 பைட். அதற்குள் எக்ஸ்ட்4 டிரைவரை எப்படி அடைப்பது?

லிலோ என்ற பழைய பூட் லோடர் இதைச் சமாளித்த விதம் எனக்கு இன்றும் பிடிக்கும். படிக்கத் தெரியாதவரிடம் பதிவேட்டை நீட்டாமல், "92, 7, 315 ஆகியவற்றை வரிசையாக எடுத்து வா" என்று எண்களை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டது. கெர்னல் எந்தெந்த செக்டரில் இருக்கிறது என்ற பட்டியலை நிறுவும்போதே குறித்து வைத்துக்கொள்ளும். பூட் ஆகும்போது கோப்பு முறைமை என்ற பேச்சே எழாது. ஒரே தொல்லை, கெர்னலைப் புதுப்பித்தால் செக்டர்கள் மாறிவிடும். லிலோவை மறுபடி ஓட்ட மறந்தவர்களுக்கு அடுத்த முறை கணினி எழுந்திருக்காது. அப்புறம் வந்த க்ரப் என்ற பூட் லோடர், முதல் செக்டருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவே சும்மா கிடந்த இடத்தில் தன் சொந்தக் கோப்பு முறைமை டிரைவரை ஒளித்து வைத்துக்கொண்டது. பூட் நேரத்தில் பெயர் சொல்லிக் கெர்னலைத் திறக்க முடிந்தது அதனால்தான்.

யூஇஎஃப்ஐ கற்றுக்கொண்ட ஒரே எழுத்து

இன்டெல் தன் ஐட்டானியம் கணினிகளுக்காகத் தொடங்கிய ஈஎஃப்ஐ-தான், 2005-இல் யூஇஎஃப்ஐ மன்றம் உருவான பின் எல்லோருக்குமான யூஇஎஃப்ஐ ஆனது. பயாஸோடு ஒப்பிட்டால் இது படித்த ஃபர்ம்வேர். ஆனால் கட்டாயமாகத் தெரிந்திருக்க வேண்டிய எழுத்து என்று விதிமுறை சொல்வது ஃபேட் குடும்பத்தை மட்டும்தான். அதற்காக டிஸ்க்கில் ஒரு சிறிய ஃபேட் பார்ட்டிஷனை ஒதுக்குகிறோம். அதுதான் ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன், சுருக்கமாக ஈஎஸ்பி. ஃபர்ம்வேர் அதைத் திறந்து, அங்கே இருக்கும் நிரல் கோப்பை ஏற்றி ஓட்டும்.

தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்த இடம்தான். விதிமுறை "ஃபேட் தெரிந்தே ஆக வேண்டும்" என்கிறது. "ஃபேட்டைத் தவிர வேறெதையும் கற்கக் கூடாது" என்று எங்கும் சொல்லவில்லை. புது எழுத்தைக் கற்றுக்கொடுக்க வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆப்பிள் தன் மேக் கணினிகளின் ஈஎஃப்ஐ-யில் தன் கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸின் டிரைவரைச் சேர்த்தே விற்றது. பிற்பாடு வந்த ஏபிஎஃப்எஸ்-இல் இன்னொரு படி மேலே போய், டிரைவரைக் கோப்பு முறைமைக்கு உள்ளேயே எளிதில் கண்டுபிடிக்கக்கூடிய ஓரிடத்தில் பொதிந்து வைக்க ஏற்பாடு செய்தது. பெட்டியின் மேலேயே சாவியை ஒட்டி வைப்பது போல.

அப்படியானால் பெரும்பாலான லினக்ஸ் கணினிகள் எக்ஸ்ட்4-இல் இருந்து எப்படிப் பூட் ஆகின்றன? க்ரப் வழியாக. ஃபர்ம்வேர் ஈஎஸ்பி-யில் இருந்து க்ரப்பை ஏற்றுகிறது. அதன் பிறகு க்ரப் ஃபர்ம்வேரிடம் செக்டர்களை மட்டுமே கேட்டு வாங்குகிறது. எக்ஸ்ட்4 பதிவேட்டைத் தன் சொந்த டிரைவரால் தானே படித்துக்கொள்கிறது. ஃபர்ம்வேருக்குக் கடைசிவரை எக்ஸ்ட்4 தெரியாது. முதலில் சொன்ன இரண்டு வாக்கியங்களும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இப்படித்தான்.

இதுவரை பார்த்தது: ஃபர்ம்வேர் ஃபேட்டைப் படித்து பூட் லோடரை எடுக்கிறது. க்ரப் போன்ற லோடர் தன் டிரைவரால் கெர்னலை எடுக்கிறது. கெர்னல் தன் டிரைவரால் மற்ற எல்லாவற்றையும் எடுக்கிறது. மூன்று பேர், மூன்று வெவ்வேறு நிரல்கள்.

ஃபர்ம்வேருக்கே கற்றுக்கொடுத்தால்?

க்ரப் பெரிய நிரல். அதன் சுமை வேண்டாம் என்று நினைப்பவர்களுக்குச் சிறிய பூட் மேலாளர்கள் உண்டு. ராட் ஸ்மித் 2012-இல் வெளியிட்ட ரீஃபைண்ட் ஒன்று, சிஸ்டம்டி-பூட் இன்னொன்று. அதே 2012-இல் வந்த லினக்ஸ் 3.3-இல் இருந்து, கெர்னல் கோப்பையே ஒரு யூஇஎஃப்ஐ நிரலாக நேரடியாக ஓட்டும் வசதி இருக்கிறது. இந்தச் சிறிய மேலாளர்கள் தாமாக எக்ஸ்ட்4 படிப்பதில்லை. ஃபர்ம்வேரிடம் "இந்தப் பெயருள்ள கோப்பைத் திற" என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். கெர்னல் ஈஎஸ்பி-யில் இருந்தால் சிக்கலே இல்லை. எக்ஸ்ட்4-இல் இருந்தால்? அந்த ஓர் இடைவெளியை அடைக்கத்தான் யூஇஎஃப்ஐ கோப்பு முறைமை டிரைவர்.

அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். இந்த டிரைவர் ஈஎஸ்பி-யில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறிய நிரல் கோப்பு. ரீஃபைண்ட் தொடங்கியதும் தன் டிரைவர் கோப்புறையைத் திறந்து அதை நினைவகத்தில் ஏற்றுகிறது. ஏறிய டிரைவர் உடனே டிஸ்க்கைத் தொடாது. "எனக்கு ஒரு கோப்பு முறைமை தெரியும், தேவைப்பட்டால் கூப்பிடுங்கள்" என்று ஃபர்ம்வேரிடம் பெயரைப் பதிந்துகொண்டு காத்திருக்கும்.

அடுத்து ஃபர்ம்வேர் ஒவ்வொரு பார்ட்டிஷனாகக் காட்டி "இது உன்னுடையதா?" என்று விசாரிக்கும். நம் டிரைவர் 1024 பைட் தள்ளிப் போய் அந்த 61267 முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் "என்னுடையது அல்ல" என்று ஒதுங்கிவிடும். இருந்தால் அந்தப் பார்ட்டிஷனை ஏற்றுக்கொண்டு, அதன்மேல் ஒரு பொது முகப்பை மாட்டும். கோப்பைத் திற, படி, மூடு என்று யூஇஎஃப்ஐ வரையறுத்திருக்கும் கட்டளைகளின் தொகுப்பு அது. இப்படிப்பட்ட தொகுப்பை யூஇஎஃப்ஐ மொழியில் புரோட்டோகால் என்பார்கள். ஃபேட் பார்ட்டிஷனின் மேல் இருப்பதும் அச்சு அசல் இதே முகப்புதான். கோப்பைக் கேட்கும் ரீஃபைண்டுக்கு அடியில் ஃபேட் இருக்கிறதா, எக்ஸ்ட்4 இருக்கிறதா என்று தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

இந்த முகப்பு வழியாக ரீஃபைண்ட் கெர்னலை எடுத்து ஓட்டும். கெர்னலின் தொடக்கப் பகுதியும் அதே முகப்பைப் பயன்படுத்தி இனிட்ராம்எஃப்எஸ் என்ற துணைக் கோப்பை எடுத்துக்கொள்ளும். கெர்னல் தன் சொந்தக் காலில் நிற்பதற்கு வேண்டிய மாட்யூல்களை, அதாவது கெர்னலோடு பிறகு சேர்த்துக்கொள்ளும் துண்டு நிரல்களை, சுருட்டி வைத்த மூட்டை அது. கெர்னலின் எக்ஸ்ட்4 டிரைவரே தனி மாட்யூலாக இருந்தால் அதுவும் இந்த மூட்டைக்குள்தான் இருக்கும்.

இதன்பின் கெர்னல் ஃபர்ம்வேரைப் பார்த்து "இனி பூட் சேவைகள் வேண்டாம்" என்று அறிவிக்கும். அந்த நொடியோடு ஃபர்ம்வேர் டிரைவரின் ஆயுள் முடிந்தது. அது இருந்த நினைவகத்தைக் கெர்னல் எடுத்துக்கொள்ளும். "ஈஎஸ்பி-யில் மெதுவான டிரைவர் போட்டுவிட்டேன், அதனால் லினக்ஸ் டிஸ்க் வேகம் குறைந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸுக்கு அப்படி ஒரு டிரைவர் இருந்த நினைவே கிடையாது.

ஒரு பழக்கப்பட்ட தவறையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: எக்ஸ்ட்4 டிரைவர் கோப்பை எக்ஸ்ட்4 பார்ட்டிஷனிலேயே, கெர்னலுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைப்பது. மறுபடியும் பைத்தியம், கல்யாணம்! அது ஃபேட்டில், ஈஎஸ்பி-யில்தான் இருக்க வேண்டும்.

ரூஃபஸ் என்ற கருவியைக் கொண்டு பூட் ஆகும் பென்டிரைவ் தயாரித்தவர்கள் தெரியாமலேயே இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்தியிருக்கலாம். 4 ஜிபி-யைத் தாண்டும் கோப்பு ஃபேட்32-இல் அடங்காது என்பதால், பெரிய நிறுவல் கோப்புகளை விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் வைத்து, கூடவே ஒரு குட்டி ஃபேட் பார்ட்டிஷனையும் அது உருவாக்கும். அந்தக் குட்டிக்குள் இருப்பது என்டிஎஃப்எஸ் டிரைவர்.

எங்கே சறுக்கும்

இந்த டிரைவர்கள் லினக்ஸின் டிரைவர் அல்ல என்பதை மனத்தில் இருத்த வேண்டும். ரீஃபைண்டோடு எக்ஸ்ட்2, எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ், ரைசர்எஃப்எஸ், எச்எஃப்எஸ் பிளஸ் போன்றவற்றுக்கு டிரைவர்கள் வருகின்றன. ரூஃபஸை எழுதியவரே எழுதிய ஈஎஃப்ஐஎஃப்எஸ் என்ற திட்டம், க்ரப்பின் கோப்பு முறைமை நிரல்களை எடுத்து யூஇஎஃப்ஐ டிரைவர்களாக மாற்றித் தருகிறது. இவையெல்லாம் படிக்க மட்டுமே செய்யும்; எழுதாது. அது நல்லதுக்குத்தான், பூட் நேரத்தில் யாரும் டிஸ்க்கில் கிறுக்க வேண்டியதில்லை.

படிக்க மட்டும் என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எக்ஸ்ட்4 தன் பதிவேட்டு மாற்றங்களை முதலில் ஜர்னல் என்ற நாட்குறிப்பில் எழுதிவிட்டுத்தான் உரிய இடத்துக்கு மாற்றும். கெர்னலைப் புதுப்பித்த உடனே மின்சாரம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். புதிய விவரம் நாட்குறிப்பில் மட்டும் இருக்கும். லினக்ஸ் எழுந்தால் அதைப் படித்துச் சரிசெய்துவிடும். ஆனால் நாட்குறிப்பைப் புரட்டாத எளிய ஃபர்ம்வேர் டிரைவருக்குப் பழைய பதிவேடுதான் தெரியும். புதிய கெர்னல் அங்கே இல்லவே இல்லை என்று சாதிக்கும்.

அதைவிட அடிக்கடி கடிப்பது வேறொன்று. கோப்பு முறைமைகள் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. எக்ஸ்ட்4-ஐ உருவாக்கும் கருவித் தொகுப்பான ஈ2எஃப்எஸ்புரோக்ஸின் 2023-இல் வந்த 1.47 பதிப்பு, புதிதாக உருவாக்கும் எக்ஸ்ட்4-இல் செக்சம் (தரவு சிதையவில்லை என்று சரிபார்க்கும் எண்) தொடர்பான ஒரு புதிய வசதியை இயல்பாகவே இயக்கிவிட்டது. பெயர் அதே எக்ஸ்ட்4. ஆனால் க்ரப்பின் பழைய பதிப்புகள் அதைப் பார்த்து "தெரியாத கோப்பு முறைமை" என்று கை விரித்தன. சுருக்கெழுத்தில் ஒரே ஒரு புதுக் குறியீடு சேர்ந்தாலும் பழைய வாசகர் திணறுவார். லினக்ஸ் கெர்னல் புதுப்பிப்போடு தன் டிரைவரைப் புதுப்பித்துக்கொள்ளும். ஈஎஸ்பி-யில் நாம் கையால் வைத்த டிரைவர் வைத்த அன்று இருந்தபடியே கிடக்கும்.

பார்ட்டிஷனுக்கும் கோப்பு முறைமைக்கும் நடுவே எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பங்கிடும் அடுக்கு), லக்ஸ் குறியாக்கம் போன்ற அடுக்குகள் இருந்தாலும் இந்த டிரைவர் உதவாது. குறியாக்கம் செய்த பார்ட்டிஷனில் 61267-ஐத் தேடினால் குப்பைதான் கிடைக்கும்.

நம்பகமான கையொப்பம் உள்ள நிரல்களை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் டிரைவரும் ஒரு நிரலாகவே கருதப்படும். கையொப்பம் இல்லையென்றால் ஃபர்ம்வேர் ஏற்றாது. ஜிபிஎல் 3 என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் உள்ள நிரல்களுக்கு மைக்ரோசாஃப்ட் தன் யூஇஎஃப்ஐ கையொப்பத்தைத் தருவதில்லை. க்ரப்பின் நிரலில் இருந்து பிறந்த டிரைவர்கள் அந்த உரிமத்தில்தான் வரும். ஆகவே நம் சொந்தச் சாவியால் கையொப்பமிட்டு, அந்தச் சாவியைக் கணினியில் பதிய வேண்டியிருக்கும்.

இவ்வளவு பாடு பட வேண்டுமா?

பெரும்பாலோருக்கு வேண்டாம் என்பதே என் கட்சி. ஈஎஸ்பி-யைத் தாராளமாக 1 ஜிபி அளவில் வைத்து, கெர்னலை அங்கேயே போட்டுவிட்டால் இந்த டிரைவரின் தேவையே எழாது. விண்டோஸ் ஏற்கெனவே 100 எம்பி-யில் குறுக்கி வைத்த ஈஎஸ்பி இருந்தால், பக்கத்தில் கெர்னலுக்கென்று இன்னொரு ஃபேட் பார்ட்டிஷனை உருவாக்கலாம். சிஸ்டம்டி-பூட் அதற்கு வழி வைத்திருக்கிறது.

இருந்தாலும் சிலருக்கு நியாயமான காரணம் உண்டு. டெபியன் குடும்பத்தின் பேக்கேஜ் மேலாளர் கோப்புகளுக்கு ஹார்டு லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) போட்டு வேலை செய்யும். ஃபேட்டில் அது நடக்காது என்பதால் பூட் கோப்புறையை ஃபேட்டில் வைத்தால் முரண்டு பிடிக்கும். பிடிஆர்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட் (கோப்புகளின் அந்த நேரத்து நிலையைப் பதிந்து வைப்பது) எடுப்பவர்களுக்குக் காரணம் இன்னும் வலுவானது. கெர்னல் ஈஎஸ்பி-யிலும் அதன் மாட்யூல்கள் பிடிஆர்எஃப்எஸ்-இலும் பிரிந்திருந்தால், பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பும்போது மாட்யூல்கள் பின்னோக்கிப் போகும், கெர்னல் போகாது. இரண்டும் பொருந்தாமல் கணினி அரைகுறையாக எழும். கெர்னலும் பிடிஆர்எஃப்எஸ்-க்குள்ளேயே இருந்தால் இரண்டும் சேர்ந்தே பின்னோக்கிப் போகும். அதற்கு க்ரப் வேண்டும், இல்லாவிட்டால் ஃபர்ம்வேருக்கு பிடிஆர்எஃப்எஸ் கற்றுத்தர வேண்டும்.

கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் யூஇஎஃப்ஐ ஷெல் என்ற கட்டளைத் திரை போதும். எதையும் மாற்றாமல் செய்து பார்க்கலாம். அங்கே 'மேப்' என்று தட்டினால், ஃபர்ம்வேருக்குப் படிக்கத் தெரிந்த பார்ட்டிஷன்கள் எஃப்எஸ்0, எஃப்எஸ்1 என்ற பெயரில் வரும். தெரியாதவை 'பிஎல்கே' என்று வெறும் இழுப்பறைகளாக மட்டும் நிற்கும். உங்கள் எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் இந்த இரண்டாவது கூட்டத்தில் இருக்கும். 'லோடு' கட்டளையால் எக்ஸ்ட்4 டிரைவரை ஏற்றிவிட்டு, பார்ட்டிஷன் பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்லி மறுபடி 'மேப்' கொடுங்கள். சற்று முன்பு வரை வெறும் எண்ணாக இருந்த பார்ட்டிஷனுக்குப் புதிதாக ஓர் எஃப்எஸ் பெயர் வந்திருக்கும். அதற்குள் போய் 'எல்எஸ்' தட்டினால் பூட், ஹோம், யூஎஸ்ஆர் என்று உங்கள் லினக்ஸின் கோப்புறைகள் வரிசையாக விரியும், லினக்ஸ் இன்னும் தொடங்காத நிலையிலேயே.